சிங்கப்பூரிலிருந்து ஹாட்யாய் வரை காரில்: வழியில் எங்கே சாப்பிடலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: புக்கிட்_பாத்தோக்

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர்க் காரில் தென் தாய்லாந்தின் ஹாட்யாய் வரை போய்த் திரும்ப ஏழு நாள் இருக்கிறது. பெரியவர்கள் மூவர், பிள்ளைகள் இருவர். அம்மா சுத்த சைவம், முட்டையும் கூடாது. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது. மற்ற இருவருக்கும் எதுவும் சரி.

தேடினால் ஊருக்கு இருபது கடைப் பெயர் வருகிறது. எந்த வேளைக்கு எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நெடுஞ்சாலை ஓய்விடங்களிலேயே சாப்பிட்டுக்கொண்டு போவது மேலா, ஊருக்குள் இறங்குவது மேலா? சைவத்துக்கு எங்கே சிக்கல் வரும்? தாய்லாந்து எல்லையில் என்ன தயாராக வைத்திருக்க வேண்டும்?


பதில் 1: தெற்கு_வடக்கு

கடைப் பட்டியலை வைத்து வழி போடாதீர்கள், கடிகாரத்தை வைத்துப் போடுங்கள். இந்தப் பாதையில் பேர்போன கடைகள் இரண்டே வகை. காலை ஆறரை, ஏழுக்குத் திறந்து மதியம் இரண்டு மூன்று மணிக்குள் சட்டி கழுவிவிடும் கோப்பிக் கடைகள் ஒன்று. மாலை ஐந்து ஆறுக்கு மேல் அடுப்பு மூட்டும் ஒட்டுக்கடைகள் இன்னொன்று. மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு ஊருக்குள் நுழைந்தால் பேரங்காடிச் சாப்பாடுதான். அந்த இரண்டு மணி நேரத்தை ஓட்டுவதற்கு ஒதுக்குங்கள்.

ஓய்விடங்கள் (ஆர் அண்ட் ஆர்) கழிப்பறைக்கும் எண்ணெய்க்கும் (பெட்ரோல்) பழத்துக்கும் நல்லவை. பாகோவும் தாப்பாவும் பெரியவை. ஆனால் பள்ளி விடுமுறையில் நண்பகலில் உள்ளே நிறுத்த இடம் தேடவே அரை மணி போகும். அதே அரை மணியில் ஒரு வெளிவழியில் இறங்கி ஊருக்குள் போய்விடலாம்.

கிளம்பும்முன் பார்க்க வேண்டியவை:

சிங்கப்பூர்க் கார் வெளியேறும்போது எண்ணெய்த் தொட்டியில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். குறைந்தால் அபராதம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். மலேசியாவில் வெளிநாட்டுப் பதிவுக் காருக்கு ரான் 95 ரக எண்ணெய் விற்கக் கூடாது. 97தான் ஊற்ற வேண்டும். அதுவே சிங்கப்பூர் விலையைவிட எவ்வளவோ குறைவு.

வி.இ.பி (வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதி) ஒட்டுவில்லை காரில் ஒட்டிச் செயல்படுத்தியிருக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். கடைசி வாரத்தில் விண்ணப்பித்தால் நடக்காது.

சாலைக் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டையில் தாராளமாகப் பணம் வையுங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பெரும்பாலான இடங்களில் நுழையும்போது ஒருமுறை, வெளியேறும்போது ஒருமுறை தட்ட வேண்டும். இரண்டும் ஒரே அட்டையாக இருக்க வேண்டும். நுழைய மனைவியின் அட்டை, வெளியேறக் கணவரின் அட்டை என்று தட்டினால் தடுப்பு திறக்காது, பின்னால் ஹாரன் மழை. பணம் போடுவதை எண்ணெய் நிலையத்திலேயே முடித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு மலேசிய மின்னியல் வருகை அட்டை கட்டாயம், பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது வேண்டாம்.

இனி முதல் நாள். விடுமுறைச் சனிக்கிழமை காலை எட்டுக்கு ஜொகூர்ப் பாலத்தில் நின்றால் காலை உணவும் பாலத்திலேயேதான். ஐந்து மணிக்குத் துவாஸ் வழியாகக் கடந்துவிடுங்கள். மேற்குப் பகுதியிலிருந்து வருவதால் உங்களுக்கு அதுதான் பக்கம்.

காலை உணவுக்கு மூவார். எல்லையிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர், பாகோ வெளிவழியில் இறங்க வேண்டும். விடியற்காலையில் சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) சாப்பிடும் ஊர் அது. கெத்துப்பாட்டோடு (ஓலையில் அவித்த சோறு) காலை ஏழு மணிக்கே கரி அடுப்பில் விசிறிக்கொண்டிருப்பார்கள், பத்துக்கு மேல் மிச்சம் இருக்காது. மூவார் ஓத்தாக் ஓத்தாக், மீன் விழுதை நீப்பாப் பனை ஓலையில் வைத்துத் தணலில் சுடுவது. பினாங்கு ஓத்தாக் வாழையிலையில் தேங்காய்ப்பாலோடு அவித்து எடுப்பது. பெயர் ஒன்று, பண்டம் வேறு. மீ பண்டோங் வேண்டுமென்றால் அது இறாலும் மிளகாயும் சேர்ந்த கெட்டிக் குழம்பு, பிள்ளைகளுக்கு ஆகாது.

மூவாரிலிருந்து மலாக்காவுக்கு நெடுஞ்சாலைக்குத் திரும்ப வேண்டாம். கரையோரச் சாலையில் 45 கிலோமீட்டர்தான். பதினொன்றுக்கு மலாக்காவில் இருந்தால் கோழிச் சோற்று உருண்டைக் கடைகளில் வரிசை குறைவு. பன்னிரண்டரைக்கு மேல் வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க வைப்பார்கள். உருண்டைக்காக அப்படி நிற்பது தேவையில்லை, அதே சோறுதான், பிடித்து வைத்திருக்கிறார்கள். சென்டோலுக்கு நில்லுங்கள். மலாக்காப் பனைவெல்லம் அங்கே காய்ச்சின மணத்தோடு கிடைக்கும். ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டும். அந்த மாலைகளில் தெருவுக்குள் கார் போகாது.

நேரமிருந்தால் காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியை ஒரு சுற்றுப் பாருங்கள். சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்துக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். வீட்டுப் பேச்சு மலாய், வழிபாடு சைவம், சமையலில் மலாய் மசாலாவும் நம் மசாலாவும் ஒன்றாகிவிட்டன. மலாக்காவின் பொய்யாத விநாயகர் கோயில் (1781) அவர்களுடையதுதான்.

அன்றிரவு கோலாலம்பூருக்குள் ஐந்து முதல் ஏழரை மணிக்குள் நுழையாதீர்கள். காஜாங் வெளிவழியில் இறங்கிச் சாத்தே வாங்கிவிட்டு எட்டுக்கு மேல் உள்ளே போங்கள். ஒரே நாளில் காலையும் மாலையும் சாத்தேயா என்று கேட்காதீர்கள், இரண்டும் இரண்டு விதம். காஜாங் சாத்தேயில் துண்டு பெரிது, கடலைக் குழம்போடு சம்பல் தனியாக வரும்.


பதில் 2: ஈப்போ_கோப்பி

மூவாரைப் பற்றி அண்ணன் சொன்னது சரி. ஆனால் காரம் ஆகாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு போனால் முதல் காலை உணவுக்குக் குளுவாங் நல்லது. ஆயர் ஹீத்தாமில் இறங்கிக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர். ரயில் நிலையத்தில் 1938இல் தொடங்கிய கோப்பிக் கடை, கரியில் வாட்டிய ரொட்டி, வெண்ணெய், காயா, அரைவேக்காட்டு முட்டை. பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார்கள். மூவாரைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் பேராக். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கோலாலம்பூரில் கிளம்பி 200 கிலோமீட்டர் நேராக ஈப்போ வந்து மதியம் ஒரு மணிக்கு எல்லாரோடும் வரிசையில் நிற்பார்கள். அப்படிச் செய்யாமல் பீடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்குங்கள். பழைய ஒன்றாம் எண் சாலையில் பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங் என்று வந்து கோப்பெங்கில் மறுபடி ஏறிக்கொள்ளலாம். கூடுதலாக முக்கால் மணி ஆகும், வழியெல்லாம் சாப்பாடு.

பீடோரில் மூலிகைச் சூப்பில் வாத்துக்கால் போட்ட மீ, காலை பத்து மணிக்குச் சரி. சாலையோரத்தில் கொய்யா. அங்கே விற்கிற கோழி பிஸ்கட்டைப் பெயரைப் பார்த்துக் கோழி என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பன்றிக் கொழுப்பும் புளித்த தவ்வும் (சோயாக் கட்டி) போட்டது. அம்மா கைக்கு எட்டாமல் வையுங்கள். கம்பாரில் தாளில் பொதிந்த பெரிய பன்னுக்குள் கோழிக் கறி வைத்துச் சுடுவார்கள். ஒன்று வாங்கினால் நாலு பேருக்குக் காணும்.

ஈப்போவில் வெள்ளைக் கோப்பி. வெள்ளை என்பது பாலைக் குறிக்கவில்லை, வறுப்பைக் குறிக்கிறது. சாதாரணக் கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்கும்வரை வறுப்பார்கள். இதில் மார்ஜரின் மட்டும், சீனி கிடையாது. நிறம் வெளுத்து வரும், கசப்பு குறையும். ஜாலான் பண்டார் தீமாவில் நாம் ஹியோங், சின் யூன் லூங் இரண்டும் எதிரெதிரே இருக்கின்றன. எங்கே நாற்காலி காலியோ அங்கே உட்காருங்கள். பொட்டலத்தில் விற்கிற மூன்று-கலவைத் தூள் வேறு சரக்கு. அதைக் குடித்துவிட்டு ஈப்போக் கோப்பி இனிப்பு என்று எழுதுபவர்கள் அதிகம்.

எப்படிக் கேட்பது: கோப்பி என்றால் இனிப்புக் கெட்டிப்பால். கோப்பி ஓ என்றால் பாலில்லை, சீனி உண்டு. கோப்பி சி என்றால் இனிப்பில்லாத கெட்டிப்பாலும் சீனியும். கோப்பி ஓ, கோப்பி சி இரண்டோடும் 'கோசோங்' சேர்த்தால் சீனி இல்லை, 'குராங் மானிஸ்' என்றால் இனிப்புக் குறைவு. 'ஐஸ்' அல்லது 'பெங்' குளிருக்கு. தேத்தண்ணிக்கும் இதே இலக்கணம்.

பிள்ளைகளுக்குக் காய் சீ ஹோர் பன். கோழி இறால் எலும்புச் சாற்றில் பட்டை மீ, கோழியைக் கிழித்துப் போட்டிருக்கும், காரம் துளியும் இல்லை. தாவ்கே கோழிக்கு (முளைப்பயறோடு வரும் கோழி) ஜாலான் யாவ் தெட் ஷின் பக்கம் மாலையில் போங்கள், மேசை தெருவுக்கு வந்திருக்கும். ஈப்போ முளைப்பயறு குட்டையாய்க் கொழுத்து இருக்கும். சுண்ணாம்பு மலைத் தண்ணீர்தான் காரணம் என்பார்கள் ஊர்க்காரர்கள். வெந்நீரில் சில வினாடிதான் காட்டுவார்கள். கோழி சிலருக்குச் சாதாரணமாகப் படும், பயறு அப்படிப் படாது.


பதில் 3: கீரைமசியல்

சைவத்துக்கு: இறைச்சி கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். தெரியாமல் உள்ளே போவது பெலாச்சான் (இறால் விழுது), காய்ந்த இறால், நெத்திலி, மீன் சாறு. "சாயூர் சஹாஜா" (காய் மட்டும்) என்று சொன்னாலும் கங்கோங் கீரையில் பெலாச்சான் இருக்கும், ஏனென்றால் சமைக்கிறவருக்கு அது இறைச்சி இல்லை, தாளிப்பு. அதனால் வேண்டாததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "தாக் மாவ் பெலாச்சான், தாக் மாவ் ஊடாங், தாக் மாவ் ஈக்கான் பீலிஸ், தாக் மாவ் தெலூர்" (பெலாச்சான், இறால், நெத்திலி, முட்டை வேண்டாம்).

அம்மாவுக்குச் சரிவராதவை: நாசி லெமாக் சம்பல் (நெத்திலி), சாயூர் லோடே (பெரும்பாலும் காய்ந்த இறால்), பினாங்கு ரொஜாக் (கறுப்பு இறால் விழுது). மேலே ஈப்போ அண்ணன் சொன்ன காயாவும்தான், அது தேங்காய்ப்பால், சீனி, முட்டை சேர்த்துக் கிண்டுவது. பச்சையாய் இருப்பதால் பலருக்கு முட்டை என்றே தோன்றாது. ரொட்டிக்கு வெண்ணெயும் சீனியும் கேளுங்கள்.

சரிவருபவை: சென்டோல் (அரிசி மாவு, தேங்காய்ப்பால், வெல்லம், சிவப்பு அவரை), ஈப்போவில் தவ் பூ பா (மெல்லிய சோயாப் பால் கட்டி), கரும்புச் சாறு, எங்கும் கிடைக்கும் இளநீர்.

மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) ரொட்டி சானாய் (மலேசியப் பரோட்டா) கேட்கும்போது மாவில் முட்டை போட்டிருக்கிறதா என்று கேளுங்கள், கடைக்குக் கடை மாறும். அதைவிடப் பெரிய சிக்கல் கரண்டி. பருப்புக் குழம்பையும் கோழிக் குழம்பையும் ஒரே கரண்டியால் ஊற்றுவார்கள். "பருப்பு தனிக் கிண்ணத்தில்" என்று தமிழிலேயே சொல்லலாம், பல கடைகளில் புரியும். 'பஞ்சிர்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வெள்ளம் என்று பொருள், எல்லாக் குழம்பும் தட்டில் பாயும்.

சைவ உணவகங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ், ஈப்போ ஜாலான் லாஹாட், பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா மூன்றிலும் நடந்து போகும் தூரத்தில் பல உண்டு. வாழையிலைக் கடை என்றால் சைவக் கடை என்று அர்த்தமில்லை. மலேசியாவில் வாழையிலைச் சாப்பாடு என்பது சோறு, மூன்று காய், அப்பளம், ரசம். குழம்பு எது என்று கேட்பார்கள், மீன் குழம்பும் கோழிக் குழம்பும் அந்த வரிசையிலேயே நிற்கும். தமிழ்க் கடை இல்லாத சின்ன ஊரில் சீனச் சைவக் கடை தேடுங்கள், "சூ ஷி" என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கே போலி இறைச்சியில் சில சமயம் முட்டை வெள்ளைக்கரு உண்டு. அவித்த காயும் தவ்வும் எடுத்தால் கவலையில்லை.

காரில் ஒரு சின்னச் சோற்றுக் குக்கரும் பருப்புப் பொடியும் இருக்கட்டும். தங்கும் விடுதியில் இரவு பத்து மணிக்கு அதன் அருமை தெரியும்.


பதில் 4: பட்டர்வொர்த்

ஈப்போவிலிருந்து பினாங்குக்கு இரண்டு மணி நேரம். நடுவில் தைப்பிங்கில் இறங்கினால் பழைய சந்தைகளும் ஏரித் தோட்டமும். மழை பெய்கிற ஊர், குடை எடுத்துக்கோங்க.

பட்டர்வொர்த்தில் காரோடு படகில் ஏறலாம்னு இன்னும் பழைய பதிவுகளில் இருக்கும், நம்பாதீங்க. 2021லிருந்து படகில் கார் கிடையாது. மோட்டார் சைக்கிள், மிதிவண்டி, நடந்து வர்றவங்க மட்டும்தான். பாலம்தான் வழி. சுங்கம் தீவுக்குள் போகும்போது மட்டும், திரும்பும்போது இல்லை. முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், ஊருக்குப் பக்கத்தில் விடும். 2014இல் திறந்த இரண்டாவது பாலம் நீளம் அதிகம், தெற்கே விடும். சாயங்காலம் முதல் பாலம் அடைச்சா மட்டும் அதைப் பாருங்க.

ஜார்ஜ் டவுனில் சாப்பாடு நடந்துதான். காரைக் கொம்தார் கோபுரத்துப் பக்கம் ஒரு மாடி நிறுத்தத்தில் போட்டுட்டு மறந்துடுங்க.

காலையில் ஜாலான் டிரான்ஸ்பர் ஓரத்தில் ரொட்டி சானாய். மதியம் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோள் தடியின் இரண்டு முனையிலும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு வித்ததுதான் தொடக்கம், கண்டார்னா அந்தத் தடி. லெபு கேம்பலில் உள்ள ஹமீதியா 1907லிருந்து நடக்குது. வரிசையில் நின்னு சொல்ல வேண்டிய ஒழுங்கு: முதலில் சோறு, அப்புறம் ஒரு பெரிய துண்டு (கோழி, ஆடு, மீன்), அப்புறம் வெண்டை அல்லது முட்டைக்கோஸ், கடைசியில் "கூவா சம்புர்" என்றால் நாலஞ்சு குழம்பும் கலந்து ஊத்துவார். அந்தக் கலவைதான் நாசி கண்டார். ஒரே குழம்பு வாங்கினால் அது வெறும் கறிச்சோறு.

விலை அதிர்ச்சி வர்ற இடம் மூணு: பெரிய ஆத்து இறால், மீன் முட்டை, முட்டையோடு கணவாய். தட்டில் விழும்முன் "பெராப்பா?" (எவ்வளவு?) என்று கேளுங்க. கேட்டால் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. சாப்பிட்டு முடிச்ச பிறகு சண்டை போட்டுப் பிரயோசனம் இல்லை.

லெபு கெங் குவீ சந்தில் சென்டோல். நின்னுக்கிட்டே குடிக்கிறதுதான் வழக்கம், நாற்காலிக்குக் காத்திருந்தால் பனி உருகிடும். ஆசாம் லக்சா மீன் சாற்றில் செய்வது, புளியும் பூங்கா கந்தானும் (ஒருவகை இஞ்சிப் பூ) இறால் விழுதும். சைவத்துக்கும் பிள்ளைகளுக்கும் வேலையில்லை.

வெள்ளிக்கிழமையைக் கவனிங்க. பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை முஸ்லிம் கடைகள் தொழுகைக்குச் சாத்தியிருக்கும். எல்லையில் இருக்கிற கெடா மாநிலத்தில் வார விடுமுறையே வெள்ளி சனி. ஜொகூர் 2025 ஜனவரியிலிருந்து சனி ஞாயிறுக்கு மாறிடுச்சு, கெடா மாறலை. அதனால் வியாழன் மாலையும் வெள்ளியும் மலேசிய எல்லைச் சாவடியான புக்கிட் காயு ஹீத்தாமில் கூட்டம். செவ்வாய் புதன் காலையில் கடந்தால் நிம்மதி.


புக்கிட்_பாத்தோக்

அனைவருக்கும் நன்றி. முதல் நாள் குளுவாங், மலாக்கா, திரும்பும்போது மூவார் என்று மாற்றிவிட்டேன். எல்லையையும் ஹாட்யாயையும் யாராவது சொன்னால் முடிந்தது. கார் என் பெயரில்தான் இருக்கிறது. டிசம்பரில் ஹாட்யாய் மழை எப்படி?


பதில் 5: சடாவ்_சாவடி

மழையிலிருந்து தொடங்குகிறேன். நவம்பர், டிசம்பர் தென் தாய்லாந்தின் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஹாட்யாய் கிண்ணம் மாதிரித் தாழ்ந்த ஊர். 2000, 2010, 2025 மூன்றிலும் நவம்பரில் ஊரே மூழ்கியது. விடுதியைக் கட்டணமில்லாமல் இரத்து செய்யும் வகையில் பதிவு செய்யுங்கள். கிளம்பும் முந்தைய நாள் சொங்க்லா மாநில எச்சரிக்கையைப் பாருங்கள். மழை பலத்தால் பினாங்கில் இரண்டு நாள் கூடுதலாக இருங்கள், சாப்பாட்டில் நட்டமில்லை.

எல்லை. சாவடி மலேசிய நேரப்படி காலை 6 முதல் நள்ளிரவு 12 வரை. தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்னால். போகும்போது ஒரு மணி கிடைக்கும், திரும்பும்போது போய்விடும். திரும்பும் நாள் மதியச் சாப்பாட்டைக் கெடுப்பது இந்த ஒரு மணிதான்.

கையில் இருக்க வேண்டியவை: கடப்பிதழ்கள், காரின் பதிவு ஆவணம், தாய்லாந்து மின்னியல் வருகை அட்டை (2025 மே 1 முதல் எல்லாருக்கும் கட்டாயம், மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், இலவசம், பணம் கேட்கும் தளம் போலி), தாய்லாந்தின் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதி. பல சிங்கப்பூர்க் காப்புறுதிகள் எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரை தென் தாய்லாந்தில் செல்லும். ஹாட்யாய் அதற்குள் வரும், ஆனாலும் தாய்க் காப்புறுதியைத் தனியாக எடுக்கத்தான் வேண்டும். எல்லைக்கு முன்னால் வரும் சங்லூனில் சாலையோரக் கடைகளில் அதையும் வாகனப் படிவங்களையும் ஒரே இடத்தில் முடித்துத் தருவார்கள். எண்ணெயும் அங்கேயே நிரப்புங்கள், எல்லை தாண்டினால் விலை கூடும். கார் வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதம் இல்லாமல் நகர முடியாது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

உள்ளே நுழையும்போது சுங்கத்தில் காருக்கு ஒரு தாள் தருவார்கள். திரும்பும்போது அதைத் திருப்பித் தர வேண்டும். பலர் அதைக் கடைச் சீட்டு என்று நினைத்துக் கசக்கிப் போட்டுவிட்டு அபராதம் கட்டுகிறார்கள். கடப்பிதழுக்குள் வையுங்கள்.

எல்லையிலிருந்து ஹாட்யாய் சுமார் 60 கிலோமீட்டர். காலை உணவு திம் சம். நீளமான கண்ணாடிப் பெட்டியிலிருந்து சின்னத் தட்டுகளை நீங்களே எடுத்துக் கொடுத்தால் அவித்துக் கொண்டுவருவார்கள். ஒன்பதுக்கு மேல் வகை குறையும். பன்றி இறைச்சி பெரும்பங்கு. வேண்டாதவர்கள் ஹலால் பலகை உள்ள கடையைப் பாருங்கள், இந்த ஊரில் அவையும் நிறைய.

ஹாட்யாய் பொரித்த கோழியைத் தவற விடாதீர்கள். பூண்டு, மிளகு, கொத்தமல்லி, மீன் சாறு சேர்த்து ஊறவைத்து, அரிசி மாவு தடவிப் பொரித்து, மேலே பொன்னிறமாய் வறுத்த சின்ன வெங்காயம் குவித்து, ஒட்டுச் சோற்றோடு தருவார்கள். காரமில்லை, இனிப்பு மிளகாய்ச் சாறு பையில் தனியாக வரும். வெங்காயம் நமுத்திருந்தால் அந்தக் கடையை விட்டு அடுத்ததற்குப் போங்கள், காலையில் பொரித்ததை மாலையில் தூவுகிறார்கள் என்று பொருள். கிம் யோங் சந்தை காலையில் நல்லது. குளோங் ஹே மிதவைச் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு மட்டும், மழை நாளில் வேண்டாம்.

குடிக்க: 'சா யென்' குளிர்ந்த செம்மஞ்சள் தேநீர், 'சா சக்' நம் தே தாரிக்கின் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) உறவு. இரண்டிலும் சீனி கொட்டுவார்கள், "வான் நோய்" என்றால் குறைப்பார்கள்.

அம்மாவுக்கு: மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில், பார்க்க 17 என்று எழுதியதுபோல் ஒரு குறி இருக்கும். அதுதான் 'ஜே'. இறைச்சி, முட்டை, பால், மீன் சாறு எதுவுமில்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை. 'மங்ஸவிராட்' என்பது தளர்ந்த சைவம், முட்டை வரலாம். "மை ஸை நாம் பிளா" என்றால் மீன் சாறு வேண்டாம், "மை ஸை கை" என்றால் முட்டை வேண்டாம். தாய் மொழியில் முட்டைக்கும் கோழிக்கும் ஒலி கிட்டத்தட்ட ஒன்று. நாம் எப்படி உச்சரித்தாலும் இரண்டில் ஒன்றை மறுத்ததாகிவிடும், அம்மாவுக்கு இரண்டுமே வேண்டாம்தானே.

பச்சை இலைப் படம் போட்ட கடைகளில் பானமோ பிஸ்கட்டோ வாங்காதீர்கள், அது கஞ்சா. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் சிங்கப்பூரில் குற்றம். பிள்ளைகள் இனிப்பு என்று எடுத்துவிடப் போகிறார்கள், பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ரொக்கம் வையுங்கள். சந்தைக் கடைகளில் தொங்கும் கியூஆர் எல்லாமே வெளிநாட்டு வங்கிச் செயலியை ஏற்கும் என்று சொல்ல முடியாது.


பதில் 6: தெற்கு_வடக்கு

திரும்புவதற்கு இரண்டு வரி. மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வருபவர்களுக்கு மதுவில் தீர்வைச் சலுகை கிடையாது, ஒரு போத்தல் வாங்கினாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். சிகரெட்டுக்கு யாருக்குமே சலுகை இல்லை. ஓட்டுபவர் வழியில் பீர் குடிப்பதையும் மறந்துவிடட்டும். 2020இல் மலேசியா இரத்த மது அளவை 80இலிருந்து 50 மில்லிகிராமுக்கு இறக்கிவிட்டது.

இறைச்சி கலந்த எதையும் பாலம் தாண்டிக் கொண்டுவரும்முன் சிங்கப்பூர் உணவு அமைப்பின் பட்டியலைப் பாருங்கள். சிரம்பானில் சியூ பாவ் (இறைச்சி வைத்துச் சுட்ட பன்) வாங்கினால் ஜொகூர் வருவதற்குள் தின்று முடித்துவிடுங்கள், சூடு ஆறினால் மேல்தோலும் நன்றாயிருக்காது. கோப்பித் தூள், பனைவெல்லம், வாழைப்பழக் கேக் எல்லாம் சிக்கலில்லை. வாழைப்பழக் கேக்குக்கு ஜேபி (ஜொகூர் பாரு) ஜாலான் தான் ஹியோக் நீயில் விறகடுப்பில் சுடும் பழைய கடை உண்டு. 1919லிருந்து இருக்கிறது, முன்பகலிலேயே தீர்ந்துவிடும். ஞாயிறு மாலை அதற்காக ஊருக்குள் நுழையாதீர்கள், துவாஸ் பக்கம் திரும்பிவிடுங்கள்.